கட்டி முடித்த 1489 சிசி என்ஜின்: முதல் ஸ்டார்ட்டில் கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது, ஆயில் பிரஷரும் இல்லை

#1 மூன்றுபேரிங்

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருடமாகப் பெட்டி பெட்டியாகக் கிடந்த பிஎம்சி (பழைய பிரிட்டிஷ் கார் நிறுவனம்) பி சீரிஸ் 1489 சிசி கார் என்ஜினை ஒருவழியாகக் கட்டி முடித்துவிட்டேன். வாங்கும்போதே பிரித்துக் கிடந்தது. எது எங்கே இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ள வழியில்லை. போர் (சிலிண்டர் துளை) அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு ஓவர்சைஸ், கிராங்க் அதே கணக்கில் இருபது அண்டர்சைஸ், கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் புதுசு, ஹெட்டில் வால்வு சீட் வேலை எல்லாம் ஆயிற்று. ஒற்றை எஸ்யூ கார்புரேட்டர், பாயிண்ட் இக்னிஷன் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனைகள்), 12 வோல்ட்.

நேற்று முதல் முறையாக செல்ஃப் அடித்தேன். நன்றாகச் சுற்றுகிறது. நாலைந்து சுற்றுக்கு ஒரு முறை பிடிப்பது மாதிரி ஒரு உறுமல். உடனே கார்புரேட்டர் வாயில் 'டப்' என்று ஒரு வெடி, கூடவே லேசாகத் தீ நாக்கு. டிஸ்ட்ரிபியூட்டரை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு தடவை சைலன்சரிலும் பெரிதாக வெடித்தது. விட்டு விட்டு பத்து நிமிடம் அடித்திருப்பேன். ஆயில் பிரஷர் முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. எங்கே தொடங்குவது?

#2 சோக்இழு

டிஸ்ட்ரிபியூட்டர் 180 டிகிரி மாறி உட்கார்ந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். டிரைவைத் தூக்கி அரைச் சுற்று திருப்பிப் போடுங்கள், முதல் அடியிலேயே பிடிக்கும்.

#3 ஆயில்கறை

கண்ணைத் திறந்துகொண்டே பார்ப்போம் அண்ணே. தம்பி, எதையும் தூக்க வேண்டாம், திருப்பவும் வேண்டாம். முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள்.

ஸ்டார்ட் ஆகாத என்ஜினை நாளைக்கும் ஸ்டார்ட் பண்ணிக்கொள்ளலாம். ஆயில் இல்லாமல் பத்து நிமிடம் சுற்றிய பேரிங்குக்கும் புது கேம்ஷாஃப்டுக்கும் நாளை கிடையாது. கட்டும்போது பேரிங்கில் என்ன தடவினீர்கள்? வெறும் என்ஜின் ஆயிலா, அசெம்ப்ளி லூப்ரிகண்டா? வெறும் ஆயில் என்றால் சில நாளில் வழிந்து போயிருக்கும். கட்டி முடித்து எத்தனை நாள் ஆயிற்று?

#4 மூன்றுபேரிங்

அசெம்ப்ளி லூப்ரிகண்ட் தாராளமாகத் தடவியிருக்கிறேன் ஐயா. கேமின் லோபுகளில் (டேப்பெட்டைத் தூக்கும் மேடுகளில்) கறுப்பு மாலிப்டினம் பேஸ்ட். ஆனால் கட்டி ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஆயில் பம்பு புதுசு, காய்ந்தபடியே மாட்டிவிட்டேன் என்று இப்போதுதான் உறைக்கிறது.

#5 லோடுவண்டி

ஸ்டார்ட் ஆனதும் பிரஷர் தானாக வந்துவிடும். செல்ஃப் வேகத்தில் பம்பு எப்படி இழுக்கும்? நான் கட்டிய எதிலும் இந்த மாதிரி சடங்கெல்லாம் பண்ணியதில்லை.

#6 ஆயில்கறை

பண்ணாமலே தப்பித்தவர்கள் நிறையப் பேர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பம்பு நனைந்திருந்தால்தான் இழுக்கும். இந்த என்ஜினில் இருப்பது ரோட்டர் வகைப் பம்பு. உள்ளே ஒரு நட்சத்திர ரோட்டர், வெளியே ஒரு வளையம். இரண்டுக்கும் நடுவில் ஆயில் படலம் இருந்தால்தான் காற்றுப் புகாமல் சம்பிலிருந்து (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) உறிஞ்சும். காய்ந்து கிடந்தால் காற்றைத்தான் கடைந்துகொண்டிருக்கும். அதனால்தான் கட்டும்போதே பம்பில் ஆயிலோ வாசலினோ அடைத்து மாட்டுவது.

இன்னொன்று. டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டை வழியாகக் கம்பி விட்டு டிரில் மெஷினால் பம்பைச் சுற்றும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து கேட்பீர்கள். அது டிஸ்ட்ரிபியூட்டரும் பம்பும் ஒரே தண்டில் இருக்கும் அமெரிக்க வி8 மாதிரியான என்ஜின்களுக்கு. பி சீரிஸில் பம்புக்குத் தனியாக ஒரு தண்டு கேம்ஷாஃப்டிலிருந்து வருகிறது. டிரில் வேலைக்கு ஆகாது.

செய்ய வேண்டியது இது. நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஃபில்டர் கிண்ணத்தை இறக்கி, முடிந்த மட்டும் ஆயில் நிரப்பி மாட்டுங்கள். பிறகு ஆயில் கேஜ் குழாய் பிளாக்கில் சேரும் யூனியனை (இணைப்பு நட்டை) கழற்றி, மூக்கு நீண்ட ஆயில் கேனால் அந்த ஓட்டையில் பொறுமையாக ஆயிலை விடுங்கள். நிறைந்து நின்றால் கை ஹேண்டிலால் என்ஜினை அது ஓடும் திசையிலேயே கால் சுற்று சுற்றிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். பின்பக்கமாகச் சுற்றினால் பம்பு சீக்கிரம் குடிக்கும் என்பார்கள். டைமிங் செயினுக்கு டென்ஷனர் இருக்கும் என்ஜினில் எனக்கு அதில் விருப்பமில்லை.

யூனியனை மாட்டிவிட்டு, பிளக் இல்லாமல் செல்ஃப் அடியுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் வேகமாகச் சுற்றும், பேரிங்கில் பாரமும் குறைவு. பத்து நொடி அடித்தால் ஒரு நிமிடம் ஓய்வு, இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் வெந்துவிடும். காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு அடியுங்கள். திறந்த பிளக் ஓட்டைகளிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பக்கத்தில் பொறி வேண்டாம்.

கழற்றும் பிளக்குகளை எந்த சிலிண்டரில் இருந்ததோ அந்த வரிசையிலேயே ஒரு அட்டையில் வையுங்கள். துடைக்காதீர்கள். ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

#7 சோக்இழு

180 டிகிரிதான். பிளக்கைப் பார்த்து என்ன ஜோசியமா சொல்லப் போகிறீர்கள் :)

#8 மூன்றுபேரிங்

ஐயா சொன்னபடியே செய்தேன். யூனியன் ஓட்டையில் ஊற்றியதும் முதலில் நிறைந்து வழிந்தது. ஹேண்டிலைக் கால் சுற்று சுற்றினேன். 'களக்' என்று ஒரு சத்தம், ஓட்டைக்குள் ஒரு குமிழி வந்து உடைந்தது, ஆயில் மட்டம் கண் முன்னாலேயே கீழே இறங்கியது. ஆறேழு தடவை இப்படி ஊற்றியிருப்பேன், ஒரு டம்ளர் அளவு போயிருக்கும். அப்புறம் யூனியனை இறுக்கி செல்ஃப் அடித்தேன். முதல் இரண்டு தடவை ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை ஏழெட்டு நொடியில் முள் ஒரு துள்ளு துள்ளி மேலே ஏறி, 30 பிஎஸ்ஐ பக்கத்தில் நின்றது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ராக்கர் கவரைத் திறந்து வைத்துதான் அடித்தேன். இன்னும் இரண்டு தடவை அடித்த பிறகு ராக்கர் ஆர்ம்களின் ஓரத்தில் ஆயில் கசிந்து வந்தது, எட்டிலும்.

பிளக்: 1ம் 4ம் காய்ந்து, லேசாகக் கரி படிந்திருக்கின்றன. 2ம் 3ம் பெட்ரோலில் குளித்து வைத்தது மாதிரி சொட்டுகின்றன, கரியே இல்லை.

#9 ஆயில்கறை

அருமை. ராக்கரைப் பார்த்ததும் நல்ல வேலை. அந்த ஷாஃப்டுக்கு ஒரு பெடஸ்டல் (அதைத் தாங்கும் கால்) வழியாக மட்டும்தான் ஆயில் ஏறுகிறது. ஷாஃப்டை மாற்றிப் போட்டு ஓட்டை மூடிக்கொண்டால், கீழே பிரஷர் நன்றாக இருக்கும், மேலே காய்ந்து கிடக்கும். எட்டிலும் வந்துவிட்டது, அந்தக் கவலை விட்டது.

பிளக் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதற்கு முன் இரண்டு கேள்வி. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசை, என்ன போட்டிருக்கிறீர்கள்? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினால் அதற்குள் இருக்கும் ரோட்டர் (ஒவ்வொரு ஒயருக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் கை) எந்தப் பக்கம் திரும்புகிறது?

#10 லோடுவண்டி

இதற்கிடையில் ஸ்பார்க் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். புது பாயிண்ட் செட் துரு ஏறாமல் இருக்க மேலே ஒரு எண்ணெய்ப் படலத்தோடு வரும். துடைக்காமல் மாட்டினால் மஞ்சள் ஸ்பார்க்தான் வரும். புதுசாக வரும் கண்டென்சரையும் நம்பாதீர்கள், பெட்டியிலிருந்து எடுத்த அன்றே செத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆயில் விஷயத்தில் ஐயா சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

#11 மூன்றுபேரிங்

ஸ்பார்க் மஞ்சளாகத்தான் இருந்தது. பாயிண்ட் நடுவே கார்பன் கிளீனரில் நனைத்த அட்டைத் துண்டை இழுத்தேன், பழுப்பாகக் கறை வந்தது. இடைவெளி 0.015 அங்குலம் வைத்தேன். இப்போது நீல ஸ்பார்க், சத்தத்தோடு விழுகிறது. ஆனால் பிளக்கை மாட்டி அடித்தால் அதே உறுமல், அதே 'டப்'. ஆக அது மட்டும் காரணமில்லை.

சோக்இழு அண்ணன் சொன்னதையும் சோதித்துவிட்டேன். முதல் சிலிண்டர் பிளக் ஓட்டையில் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டு, நண்பரை ஹேண்டில் சுற்றச் சொன்னேன். ஒரு சுற்றில் விரலை உள்ளே இழுத்தது, அடுத்த சுற்றில் 'புஸ்' என்று விரலைத் தள்ளிவிட்டது. தள்ளும்போது அப்படியே புல்லியில் குறி சேரும்வரை கொண்டுபோனோம். நாலாவது சிலிண்டர் வால்வுகள் இரண்டும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் நிலையில் இருந்தன. ரோட்டர் நேராக முதல் சிலிண்டர் ஒயரைப் பார்க்கிறது. 180 மாறவில்லை.

ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. மூடியில் கடிகார முள் சுற்றும் திசையில் வரிசையாகப் போட்டிருக்கிறேன். ரோட்டர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கவில்லை. இதோ போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

#12 மூன்றுபேரிங்

ஐயா, எதிர்த்திசையில் திரும்புகிறது!!

#13 ஆயில்கறை

அதுதான். பி சீரிஸிலும் ஏ சீரிஸிலும் மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிராகத்தான் திரும்பும்.

பிளக் எப்படிச் சொன்னது என்று சோக்இழு கேட்டாரே, அவருக்காக விரிவாக எழுதுகிறேன். ரோட்டர் எதிர்த்திசையில் போகிறது, ஒயர்கள் கடிகாரத் திசையில் 1-3-4-2. அப்படியானால் ரோட்டர் உண்மையில் தொடுவது 1-2-4-3. 1ம் 4ம் தற்செயலாகச் சரியான இடத்தில் இருக்கின்றன. 2ம் 3ம் மட்டும் தங்களுக்குள் இடம் மாறிவிட்டன. நாலு சிலிண்டர் என்ஜினில் 2ம் 3ம் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். 3 கம்ப்ரஷன் முடிந்து உச்சியில் நிற்கும்போது 2 புகை தள்ளி முடித்து உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் ஸ்பார்க் 3க்குப் போகாமல் 2க்குப் போகிறது. 2க்குள் முந்தைய தடவை எரியாத பெட்ரோல் கலவை மிச்சம் இருக்கிறது, இன்லெட் வால்வு அப்போதுதான் திறக்கத் தொடங்குகிறது. பற்றிய தீ எங்கே போகும்? இன்டேக் மேனிஃபோல்டு வழியாகக் கார்புரேட்டர் வாய்க்குத்தான். எரியாமல் சைலன்சருக்குப் போய்ச் சேர்ந்த மிச்சம் அங்கே வெடித்தது.

180 மாறியிருந்தால் நாலுக்குமே தப்பான நேரத்தில் ஸ்பார்க் வந்திருக்கும், நாலு பிளக்கும் நனைந்திருக்கும். இங்கே இரண்டு காய்ந்து, இரண்டு நனைந்தன. அதுவும் சேர்ந்து ஏறி இறங்கும் ஜோடி. டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருகினாலும் இது சரியாகாது.

1ம் 4ம் சரியாக இருந்தும் இரண்டு சிலிண்டரிலாவது ஏன் ஓடவில்லை என்று கேட்கலாம். இந்த ஹெட்டில் 1க்கும் 2க்கும் ஒரே இன்லெட் போர்ட், 3க்கும் 4க்கும் இன்னொன்று. 2 தீயைத் துப்பினால் 1க்குப் போக வேண்டிய கலவையும் கெட்டது. பக்கத்து வீட்டுச் சண்டையில் நம் வீட்டுக் கண்ணாடி உடைவது மாதிரி.

#14 சோக்இழு

சரி, தோற்றேன். ஜோசியம் பலித்துவிட்டது.

#15 மூன்றுபேரிங்

வரிசையை ஒரு படத்தைப் பார்த்துத்தான் போட்டேன். இப்போது தேடிப் பார்த்தால் அது ரோட்டர் கடிகாரத் திசையில் திரும்பும் வேறொரு என்ஜினின் படம். ஆர்டர் அதே 1-3-4-2 என்பதால் சந்தேகமே வரவில்லை.

2ஐயும் 3ஐயும் மாற்றிவிட்டு இன்றைக்கே அடித்துவிடலாமா?

#16 ஆயில்கறை

இன்றைக்கு வேண்டாம். இரண்டு வேலை பாக்கி.

ஒன்று, சம்ப். 2லும் 3லும் எரியாத பெட்ரோல் சுவரில் வழிந்து பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் யோசிக்காமல் ஆயிலை மாற்றுங்கள். அந்த இரண்டு சிலிண்டர் சுவரிலும் ஆயில் கழுவிப் போயிருக்கும் என்பதால் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, பிளக் இல்லாமல் கையால் சில சுற்று சுற்றுங்கள்.

இரண்டு, டைமிங். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகித் திருகி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. ஓடாத நிலையிலேயே வைக்கலாம். 12 வோல்ட் பல்பு ஒன்றை எடுத்து, ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரில் காயில் ஒயர் சேரும் முனையிலும் இன்னொன்றை பாடி எர்த்திலும் கொடுங்கள். இக்னிஷனை ஆன் செய்யுங்கள். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில், கையேட்டில் உங்கள் என்ஜினுக்குச் சொன்ன டிகிரியில் புல்லியை நிறுத்துங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு அணைந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்புங்கள், பல்பு பளிச்சென்று எரியும் அந்த நொடிதான் பாயிண்ட் திறக்கும் நொடி. அங்கே இறுக்குங்கள்.

#17 டேப்பெட்தாளம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கேமும் டேப்பெட்டும் புதுசு என்றாரே, அதனால் ஒன்று சொல்ல வேண்டும். என்ஜின் பிடித்ததும் ஐடிலில் விட்டுவிட்டு அழகு பார்க்காதீர்கள். உடனே 2000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோய், 1500க்கும் 2500க்கும் நடுவில் ஏற்றி இறக்கி, 20 நிமிடம் ஓட விடுங்கள்.

இந்த மாதிரி தட்டை டேப்பெட்டும் கேம் லோபும் உரசும் இடத்துக்குத் தனி ஆயில் வழி இல்லை. கிராங்க் சுற்றித் தெளிக்கும் ஆயில்தான். ஐடிலில் தெளிப்பு குறைவு, ஆனால் லோப் மூக்கில் ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுசாக இருக்கும். முதல் சில நிமிடத்தில்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று பழகும், இல்லாவிட்டால் தின்றுவிடும். ஆயிலில் துத்தநாகம், அதாவது இசட்டிடிபி, போதுமான அளவு இருக்கட்டும். பழைய என்ஜினுக்கென்று வரும் 20டபிள்யூ-50 மினரல் ஆயில்களில் இருக்கும். புதுக் கார்களுக்கான ஆயில்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காக அதைக் குறைத்துவிட்டார்கள்.

அதனால்தான் முதல் அடியிலேயே பிடிக்கிற மாதிரி எல்லாவற்றையும் சரி பார்த்துவிட்டு அடிக்கச் சொல்வது. செல்ஃபில் சுற்றும் ஒவ்வொரு நிமிடமும் அந்த பேஸ்ட் வழிந்துகொண்டிருக்கிறது.

#18 லோடுவண்டி

சாதா ஸ்பிரிங் போட்ட சாதா என்ஜினுக்கு இருபது நிமிடம் ரொம்ப ஜாஸ்தி என்று நினைக்கிறேன். ஆனால் செய்வதால் நஷ்டமில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆள், ஆயில் கேஜைப் பார்க்க ஒரு ஆள், தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில். கார்புரேட்டரில் தீ நாக்கு வந்தது என்று படித்ததிலிருந்து எனக்கு அதுதான் பயம்.

#19 மூன்றுபேரிங்

பிடித்துவிட்டது!

டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம் தூக்கலாகவே இருந்தது. ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றி, பிளக் இல்லாமல் சுற்றி, பிரஷர் வருவதைப் பார்த்த பிறகே பிளக் மாட்டினேன். சோக் இழுத்து, செல்ஃப் ஒன்றரைச் சுற்றுகூடச் சுற்றியிருக்காது. ஒரு இருமல் இல்லை, தயக்கம் இல்லை. நண்பர் கேஜைப் பார்த்து 'அறுபது, அறுபது' என்று கத்திக்கொண்டிருந்தார்.

பத்தாவது நிமிடத்தில் மேனிஃபோல்டிலிருந்து கெட்டியாகப் புகை வந்தது. அணைக்கக் கை போனது. கட்டும்போது மேலே பட்ட ஆயில்தான் எரிகிறது என்று அப்புறம் புரிந்தது, ஐந்து நிமிடத்தில் தானாக நின்றது. பதினைந்தாவது நிமிடத்தில் தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டரில் தண்ணீர் சட்டென்று இறங்கியது, ஊற்றினோம். 20 நிமிடம் ஓட்டி அணைத்தேன். சூட்டில் ஐடிலில் 20 பிஎஸ்ஐ நிற்கிறது.

#20 ஆயில்கறை

சந்தோஷம் தம்பி. அந்த ஆயிலைச் சூடாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். ஃபில்டரின் மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள். கறுப்புப் பேஸ்ட்டும் மினுமினுக்கும் தூளும் கொஞ்சம் இருக்கும், அது சகஜம். நகத்தில் தட்டுப்படுகிற அளவு துண்டு இருக்கக் கூடாது.

நாளை காலை முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன வரிசையில் மறுபடி டார்க் செய்யுங்கள் (அளவு காட்டும் ஸ்பேனரால் சொன்ன அளவுக்கு இறுக்குவது). அதை முடித்துவிட்டுத்தான் வால்வு இடைவெளி, 0.015 அங்குலம். முதலில் வால்வை வைத்துவிட்டு அப்புறம் ஹெட்டை இறுக்கினால் வால்வை மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.

பிறகு ஐடிலில் விட்டு வைக்காமல் ஓட்டுங்கள். ஏற்றத்தில் கொஞ்சம் மிதித்து ஏற்றி, இறக்கத்தில் காலை எடுத்து. பாரம் கொடுத்தால்தான் ரிங் சுவரோடு பழகும்.

#21 மூன்றுபேரிங்

டார்க் செய்தேன், இரண்டு நட்டு லேசாகத் திரும்பின. வால்வும் வைத்தாயிற்று. ஃபில்டரில் தூள் மட்டும்தான்.

ஒரே ஒரு விஷயம். பெல் ஹவுசிங் (என்ஜினுக்குப் பின்னால் கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் இரவில் நாலைந்து சொட்டு ஆயில். பின் ஆயில் சீல் போய்விட்டதோ?

#22 டேப்பெட்தாளம்

இந்த என்ஜினில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கில் வெட்டிய மரைதான் சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. நின்ற பிறகு அதற்கு வேலை இல்லை. நாலைந்து சொட்டு என்றால் உங்கள் வேலை சுத்தம். ஓடும்போது ஒழுகினால் மட்டும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாய் (உள்ளே சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றுவது) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

#23 மூன்றுபேரிங்

பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தேன். உள்ளே ஏதோ பூச்சி மண் கூடு கட்டியிருந்தது. சுத்தம் செய்தபின் இரவுக்கு இரண்டு சொட்டு. கீழே ஒரு தட்டு வைத்துவிட்டேன்.